பென்சில் படத்தில் இல்லாத வெண்புள்ளி

அக்கா,

அன்றைக்குக் கேளம்பாக்கத்து ஸ்டுடியோவில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மகன் முருகன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஜெசிந்தா. நீ கண்ணை மூடிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அங்கே கொடுத்து வாங்கிய உன் போட்டோ, இன்று காலை ரேஷன் கார்டு உறையைத் தட்டியபோது மடியில் விழுந்தது. மாமல்லபுரம் கடற்கரையில், காற்றுக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். வாயோரமும் கண்ணைச் சுற்றியும் வெண்புள்ளி, பளிச்சென்று.

பதினாறாம் நாள் உன் படத்திறப்பு. என் பேத்தியைப் பெண் கேட்டிருந்த கூடுவாஞ்சேரிக்காரர்களும் வருவதாக இருந்தது. படத்தில் புள்ளியைப் பார்த்துவிட்டு, குடும்பத்து வியாதி என்று பேச்சை முறித்துக்கொள்வார்களோ என்று எனக்குப் பயம்.

"அத்த மட்டும் தொடச்சிடும்மா," என்றேன்.

"தொடச்சா ஒட்டுப் போட்ட மாரி தெரியும் ஆயா. பென்சில்ல வரைஞ்ச மாரி மாத்திட்டா புள்ளியே தெரியாது," என்றாள் ஜெசிந்தா.

முருகன் முறைத்தான். "இன்னாம்மா நீ? பெரிம்மா மூஞ்சியே அதான். இருந்துட்டுப் போட்டும்."

"சும்மா கெட. பொண்ணப் பெத்தவன் மாரி பேசு."

அவள் முதலில் நிறத்தை எடுத்தாள். அப்புறம் கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாகப் புரட்டினாள். முகமெல்லாம் வெளுத்து, உன் புள்ளிகள் மட்டும் கன்னங்கரேலென்று என்னைப் பார்த்தன. தலையைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது முகம் வெள்ளைத்தாளாகி, கண்ணும் மூக்கும் கோடாக மிஞ்சியிருந்தன. புள்ளியின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று பாக்கி இருந்தது. அதையும் நானே விரல் வைத்துக் காட்டி அழிக்கச் சொன்னேன்.

உன் மகள் செல்விக்கு மொட்டையடித்துச் செங்கல்பட்டு ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போனோமே, அங்கே படம் எடுப்பவர் உன் புள்ளியைப் பார்த்துப் பவுடர் டப்பாவை நீட்டினார். நீ வாங்கவில்லை. "சரோஜா, பூசிக்கினா படத்துல வர்றவ வேற எவளோ," என்றாய். பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

படத்திறப்பு அன்று துணியை விலக்கியதும், மாலையோடு வந்த செல்வி நின்றுவிட்டாள்.

"சித்தி, அம்மா படம் எங்க?"

"இதாண்டி."

"யாரோ மாரி கீது."

கூடுவாஞ்சேரிக்காரர்கள் பக்கத்திலேயே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சின்ன வயசுல உங்கம்மா இப்டித்தான் இருந்தா. போடு," என்று கூசாமல் சொன்னேன்.

மாலையைப் போட்டாள். கும்பிடவில்லை.

சம்பந்தம் கூடிவந்தது. பேத்தி நன்றாக இருக்கிறாள். இந்தப் போட்டோவைச் செல்வியிடம் கொடுக்க வேண்டும். அவள் இருக்கும் மறைமலைநகருக்கு ஒரே பஸ்தான். கால் வரமாட்டேன் என்கிறது.

எதிர்வீட்டுக் கமலா, உன்னிடம் மஞ்சள் குங்குமம் வாங்காமல் கையை இழுத்துக்கொண்டாளே, அன்று வெள்ளிக்கிழமை, கத்தரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாள். அன்றிலிருந்து அவள் வாசலை நான் மிதித்ததில்லை. போன வாரம் போனேன். அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒருத்தியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை அக்கா. உன் தங்கை சரோஜாவை.