சுவருக்கு அந்தப் பக்கம் குகன்

செப். 22, 1986. திங்கள்.
மழை. பஸ் பிந்தியது. நானும் வேலைக்குப் பிந்தினேன். சூப்பர்வைசர் முறைத்தான்.

செய்தி: மேற்கு ஜெர்மனி விசா இல்லாதவர்களை அடுத்த மாதத்திலிருந்து கிழக்கு ஜெர்மனி தன் வழியாகப் போக விடாது. போன வருடம் நான் இங்கே, மேற்கு ஜெர்மனிக்கு, வந்த வழி. தம்பி குகன் வரப்போகும் வழி. வியாழன் கொழும்பில் ஏறுகிறான். மொஸ்கோ, கிழக்கு பேர்லின், பிறகு ரயிலில் மேற்கு பேர்லின்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அங்கிள், சோற்றைப் பிசைந்தபடி: "கம்யூனிஸ்ட்காரன்தான் பிள்ளை எங்களுக்குக் கதவு திறந்தவன்."
"தன்ர சனம் அந்தக் கதவால போனால் சுடுறான், அங்கிள்."
"உனக்கு நன்றி எண்டதே இல்லை."

நன்றியாம். டிக்கெட் விற்றான், எங்களை மேற்கின் தலையில் கட்டினான். அவ்வளவுதான்.

செப். 24.
கொழும்புக்குப் போன் எடுத்தேன். கரகரப்பு. குகனுக்குப் பத்தொன்பது, குரல் இன்னும் சின்னப் பெடியன்.
"கிழக்கு பேர்லின் ஸ்டேஷனுக்குள்ள காவல்காரர் துவக்கோட நிப்பாங்கள். நாயும் நிக்கும். நேர அவங்களிட்டப் போ, பாஸ்போர்ட்டை நீட்டு. அவங்கள் மறிக்கிறது தங்கட ஆக்களைத்தான்."
"ஓமக்கா. எத்தினை தரம் சொல்லுவியள்."

வாங்க: பால், சவர்க்காரம், குகனுக்குச் சுவெட்டர். (வேண்டாம். முதலில் கடக்கட்டும்.)

செப். 26, வெள்ளி.
இன்று கடந்திருக்க வேண்டும். போன் வரவில்லை.

வேலையில் லேபிள்களைப் பிழையாக ஒட்டினேன். பக்கத்து மேசை கெர்டா ஏனென்று கேட்டாள், சொன்னேன். கிழக்கு ஜெர்மனிக்காரி. இருபத்தைந்து வருடத்துக்கு முன், பேர்லின் சுவர் எழும்புவதற்குச் சற்று முன் வந்துவிட்டாள், பதினேழு வயதுத் தம்பி அங்கேயே. "என் தம்பி அந்தத் தண்டவாளத்துக்குக் கிட்டப் போனால் சுடுவார்கள். உன் தம்பிக்கு வழி விடுகிறார்கள்," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

செப். 27.
காலையில் போன். குகனோடு பயணம் வந்த பெடியன், மேற்கு பேர்லினிலிருந்து.
"அக்கா, கோவிக்காதையுங்கோ. கியூவில எனக்குப் பின்னாலதான் நிண்டவன். துவக்கைக் கண்டவுடன திரும்பி நடந்திட்டான். கூப்பிட்டனான், நிக்கேல்லை."

விளங்கியது. ஊரில் ஆமியைக் கண்டால் றோட்டை விட்டு அடுத்த ஒழுங்கைக்குள் இறங்குவான். அப்படித்தான் இன்றுவரை உயிரோடு இருக்கிறான். நான் போனில் சொன்னதையெல்லாம் கால் கேட்கவில்லை. கிழக்கு பேர்லினில் ஒழுங்கை எங்கே போய் முடியும்? சுவரில். சுவருக்குக் கிட்ட, பாஷை தெரியாத ஒரு கறுத்தப் பெடியன். கிழக்கு ஜெர்மனி தந்த விசாவோ ஒரு நாளைக்குத்தான். பிடித்தால் கொழும்புக்கு ஏற்றுவார்கள். கொழும்பில் இறங்கினால்

எழுத மாட்டேன்.

அங்கிளின் மனைவி, அன்ரி: "சாமிக்கு விளக்கு வைச்சிருக்கிறன், ஒரு பிடி சாப்பிடு." சாப்பிடவில்லை. ஒருவரும் போனைத் தொடக்கூடாது என்று கத்தினேன், அவர்கள் வீட்டுப் போன். அங்கிள் இன்று கம்யூனிசம் பேசவில்லை.

செப். 28, ஞாயிறு.
குகன். மேற்கு பேர்லின். மேற்கு.

"ஒரு ரோட்டால போனன், மதில். மற்ற ரோட்டால போனன், அங்கையும் மதில். பொலிஸ்காரன் பிடிச்சான். சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவன் ஏசி ஏசிக் கொண்டந்து கியூவுக்கு முன்னால விட்டான், அக்கா."
"அடிச்சவனோ?"
"இல்லை. ஆனா அங்க என்ர வயசில ஒரு வெள்ளைப் பெடியன். கிழவி ஒண்டை மேற்குக்கு ரயிலேத்த வந்தவன், வயசு போன ஆக்களை மட்டும் விடுவாங்களாம். அவனைக் கதவடியில மறிச்சுப்போட்டு என்னைப் போ எண்டாங்கள். அவன் என்னையே பாத்துக்கொண்டு நிண்டான்."
"நீ என்ன செய்தனி?"
"போனன்."

இரண்டு தட்டுச் சோறு. அன்ரி அழுதா. நான் பிறகு, குளியலறையில்.

செப். 29, திங்கள்.
வெயில், ஆனால் குளிர். நான் கோட்டைக் கழற்ற முன்னமே கெர்டா: "வந்துவிட்டானா?" வந்துவிட்டான் என்றேன். கட்டிப்பிடித்தாள்.

முழுவதும் சொன்னேன். கதவடியில் நின்றவனையும். சொல்லாமல் விட்டிருக்கலாம். பெல் அடித்தும் அவள் மேசைக்குப் போகவில்லை. அந்தப் பெடியன் உயரமா, தலைமயிர் என்ன நிறம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உன் தம்பியிடம் கேட்டுச் சொல்வாயா என்றாள்.

அவளுடைய தம்பிக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். கேட்கிறேன் என்றேன்.