நூல் பையோடு வந்த சம்பந்தியம்மாவுக்கு

இன்று காலையில் உங்கள் மகள் செல்வி, பவித்ராவின் மப்ளரை அலசிக் கொடியில் போட்டாள். ஊட்டியில் நர்சிங் படிக்கிற நம் பேத்தி பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் கொட்டிய அழுக்குத் துணியில் நீங்கள் பின்னியதும் இருந்தது. நனைந்த கம்பளி நூலுக்கு மழையில் நின்ற ஆட்டின் வாசனை. அது மூக்கில் ஏறியதும் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், நீங்கள் மறுபடி வந்து நிற்கிறீர்களோ என்று. ஆடி மாதமே உங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தாயிற்று. அப்படியும் திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஆடிக்கு முந்தின ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், அப்படித்தான் வந்து நின்றீர்கள். ஒரு கையில் குடை, ஒரு கையில் நூல் பை, தோளில் இன்னொரு துணிப்பை.

"பவிக்கு ஊட்டிக் குளுரு தாங்காது சம்பந்தியம்மா. கழுத்துக்கு ரெண்டு மூணு பின்னிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றீர்கள்.

"வாங்க வாங்க" என்று வாய் சொன்னது. மனம் வேறு கேட்டது. ஆரோவில் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பல வருடம் பின்னிய கை உங்களுடையது. வானூர் பக்கம் சொந்த வீடு இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து பின்னிக் கொரியரில் போட்டால் ஊட்டிக்குப் போய்ச் சேராதா? பெண் கொடுத்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தாலும் ஒரு சீப்புப் பழமாவது வைத்துவிட்டுப் பொழுதோடு பஸ் ஏறுகிறவர் நீங்கள். இப்போது மட்டும் துணிப்பை எதற்கு?

உங்களுக்கே தெரியும், மழைக்காலத்தில் எனக்கு வேலை கிடையாது. உப்புப் பாத்தியெல்லாம் ஏரியாகிக் கிடக்கும். மறுபடி உப்பு வார தை பிறக்க வேண்டும். வெயில் காலத்தில் வந்திருந்தால் உங்களைக் கவனிக்க எனக்கு நேரம் இருந்திருக்காது. என் கெட்ட நேரம், நீங்கள் வந்தது ஐப்பசி.

அம்மாவும் மகளும் அடுப்படியில் என்னமோ குசுகுசுவென்று பேசுவீர்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். நூல் ஊசியோடு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எதுவும் காதில் விழும் என்று நினைத்துத்தான், "எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்று கேட்டேன். பேத்தி மேலிருந்த ஆசையால் கேட்டதாக நீங்கள் நம்பினீர்கள். எவ்வளவு சந்தோஷம் உங்கள் முகத்தில்!

உப்பு அறுத்த என் விரல் நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. "கொஞ்சம் தேங்காண்ண தேச்சிக்கினா வழுக்கிக்கினு போவும்" என்றீர்கள். எண்ணெய்க் கறை பட்டு என் துண்டு மட்டும் அசிங்கமாகட்டும் என்று சொல்கிறீர்களோ என நினைத்து, தேய்த்துக்கொள்ளாமலே பின்னினேன்.

ஊசியில் நாற்பது கண்ணி போடச் சொன்னீர்கள். ரெண்டு நிட்டு, ரெண்டு பர்லு. ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம். இது நம்ம வரப்பும் வாய்க்காலும்தானே என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் நான் சாயங்காலம் வைத்துவிட்டுப் போகிற துண்டு காலையில் வேறு மாதிரி இருந்தது. கோணல் இல்லை, வரி நேராக ஓடியது. ஆனால் அகலம் ஒரு நூல் குறைந்திருந்தது. யாரோ கை வைக்கிறார்கள். ஒரு நாள் என் கடைசி வரியில் ஒரு சிவப்பு நூலை முடிந்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் என் சிவப்பு நூல் தரையில் கிடந்தது.

"ஏன் சம்பந்தியம்மா, எம் பின்னல யாரு பிரிச்சது?" என்று செல்வியை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நாந்தாங்க. நாப்பத்தொண்ணு இருந்துச்சு. ஒண்ணு சாஸ்தியானா வரி ஓடாது. அதான் ஒண்ண எறக்கிட்டேன்."

"நாப்பத்தொண்ணா? அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நானு. எனக்கு எண்ணத் தெரியாதா?"

"நீங்களே எண்ணுங்களேன்."

புதிதாகக் கண்ணி போட்டுச் சத்தமாக எண்ணினேன். முதல் கண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.

"மொதல் கண்ணிய ஏன் உட்டுட்டீங்க?"

"மொதக் கூடைய யாராவது எண்ணுவாங்களா? அது சாமிக்கு" என்றேன்.

எங்கள் கூட்டத்தில் அப்படித்தான். உப்பு சுமக்கும்போது முதல் கூடையைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அது வழக்கம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. எண்ணுவது என்றாலே அதுதான் என்று இருந்துவிட்டேன். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. ஊசியில் இருந்த முதல் கண்ணியை விரலால் ஓரமாகத் தள்ளி, "அப்ப அந்த ஒண்ண ஓரமா உட்டுடுங்க. மிச்ச நாப்பதுல வரி ஓட்டுங்க. சாமி பங்கு கரையா இருக்கட்டும்" என்றீர்கள். அதற்கப்புறம் என் துண்டில் நீங்கள் கை வைக்கவில்லை. நியாயமாக என் சந்தேகம் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நல்லபடியாகப் பேசுகிறவர் ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று அது இன்னும் இறுகிப் போனது.

கார்த்திகையில் நேராகவே கேட்டேன். "எப்பக் கெளம்புறீங்க?"

"இந்தத் துண்டு முடியட்டும் சம்பந்தியம்மா."

துண்டு முடிந்தது. முடிந்ததை நீங்கள் மடியில் வைத்துப் பிரிப்பதை நான் பார்த்தேன். தலையில் மாட்டிக் கழுத்தில் இறக்கிக்கொள்கிற வளையம், குற்றம் சொல்ல ஒரு கண்ணி கிடையாது. அதைச் சரசரவென்று பிரித்து உருண்டையாகச் சுற்றிவிட்டு முதலிலிருந்து கண்ணி போட்டீர்கள். நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. நாளைக் கடத்துகிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

மறுநாள் நீங்கள் குளிக்கப் போனபோது உங்கள் துணிப்பையை அவிழ்த்துப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது? நாலு புடவைக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உங்கள் ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டா, உங்கள் வீட்டுக்காரரின் போட்டோ. மப்ளர் பின்ன வந்தவருக்கு ரேஷன் கார்டு எதற்கு? என் பிள்ளை வீட்டிலேயே பேரைச் சேர்த்துக்கொண்டு நிரந்தரமாகத் தங்கிவிடப் பார்க்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சொன்னேன். "தை பொறந்தா நான் உப்பளத்துக்குப் போயிடுவேன். செல்வியும் வேலைக்குப் போயிடுவா. வீட்டப் பூட்டணும் சம்பந்தியம்மா."

நீங்கள் ஊசியை நூல் உருண்டையில் குத்தி வைத்தீர்கள். "பூட்டிக்குங்க. நானும் கெளம்பணும்னுதான் இருந்தேன்" என்றீர்கள். மறுநாள் காலை பஸ்சுக்கு நின்றபோது பவிக்கு இரண்டு மப்ளர், ஒரு வளையம். எனக்கும் ஒன்று பின்னியிருந்தீர்கள். கரையில் ஒரு கண்ணி தனியாக ஓடியது.

பிறகு நான் உங்களைப் பார்த்தது ஆடியில், ஐஸ் பெட்டியில். கல்யாணத்துக்கு அப்புறம் உங்கள் வீட்டுக்குள் நான் கால் வைத்ததே அன்றுதான். கை கழுவப் பின்பக்கம் போனேன். பின்பக்கமே இல்லை. சுவர் சரிந்து, ஓடு நொறுங்கி, மேலே நீலத் தார்ப்பாய். சமையல் அறை இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

"எப்படி ஆச்சுடீ?" என்று செல்வியைக் கேட்டேன்.

"போன ஐப்பசி மழைல உழுந்துடுச்சு அத்தே. அதான் அம்மா பட்டா, கார்டெல்லாம் வாரிக்கினு நம்ம வூட்டுக்கு வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எந்தலைல அடிச்சு சத்தியம் வாங்கிடுச்சு. உங்க புள்ளைக்கே தெரியாது."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்கு நீங்க சொன்னதுதான்" என்றாள்.

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை, யோசித்துத்தான் வந்தது. மண்டபத்தில் நீங்கள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இப்புடி அழுதா பொண்ணு பின்னாலயே மூட்டையக் கட்டிக்கினு வந்துடுவீங்க போலருக்கே! எங்க வூட்ல அவ்ளோ எடம் இல்லீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் அதை அன்றைக்கே மறந்துபோனேன். நீங்கள் இருபத்திரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறீர்கள்.

இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒவ்வொரு புயலுக்கும் ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்திருக்கிறேன். கூரை போகப் போகிறது என்றால்தான் கார்டு பைக்குள் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்தது. நான்தான் அதற்கு வேறு காரணம் கட்டினேன்.

மழைக்கு ஒண்ட இடம் வேண்டும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று என்னையே சமாதானம் செய்துகொள்கிறேன். கொடுத்திருப்பேன், அதைச் சொல்லிக் காட்டியும் இருப்பேன். உங்களுக்கு அது தெரிந்திருந்தது.

செல்வி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு முதலில் சோறு போடுகிறாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். குரலில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. மன்னித்துவிட்டாளா, உங்களைப் போல உள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை சம்பந்தியம்மா. ஊரில் யாரையும் நேருக்கு நேர் கேட்கிற வாய் இது. அவளிடம் மட்டும் கேட்க வரமாட்டேன் என்கிறது. சற்று முன்புகூட, "மீன் கொழம்பு போதுமா அத்தே, இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். போதும் என்று சொல்லிவிட்டு, கரண்டியை வைத்துவிட்டுத் திரும்புகிற அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.