மட்டை மரம்

டானா முனை, மெயின்
ஆகஸ்ட் 11, 1963

பெருமதிப்பிற்குரிய என் கணவர் சபாட்டிஸ் அவர்களுக்கு, டெல்பின் வணக்கத்துடன் எழுதுவது.

ஜூலைத் தொடக்கத்தில் தாங்கள் எழுதிய கடிதம் உரிய நாளிலேயே கிடைத்தது. ஐந்து வாரமாகப் பதில் எழுதாமைக்கு மன்னிக்கவும். தபால்காரர் மீது குற்றமில்லை.

ஹார்ட்ஃபோர்டில் இரண்டு சன்னல் வைத்த அறை கிடைத்திருப்பதையும், தொழிற்சாலை வேலை நிலைத்திருப்பதையும் அறிந்தேன். என்னையும் அங்கே வந்துவிடுமாறு கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் கீழே வருகிறது. வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும்.

மார்ச் மாதம் தாங்கள் பேருந்தில் ஏறும்போது, "மரம் கொண்டு வர ஒரு ஆள் போதும். அது நீங்களாத்தான் இருக்கணும்னு இல்ல" என்றேன். அச்சொல்லை மெய்ப்பிக்கும் பொருட்டு, சென்ற திங்களன்று கோடரியுடன் நானே காட்டுக்குள் சென்றேன். ஆரூஸ்டூக் பண்ணைக்கு உருளைக்கிழங்கு பொறுக்கும் கூடைகள் மூன்று டஜன் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் முதல் வாரம் லாரி வந்து நிற்கும். வீட்டில் எஞ்சியிருந்த, கூடை பின்னும் மரச் சிம்பு பதினோரு கூடைக்கே சரியாகிவிட்டது.

மேட்டில் நேராக, கணுவின்றி ஓர் ஆஷ் மரம் நின்றது. வெட்டினேன். பக்கத்து வீட்டுக் குதிரையைக் கட்டி இழுத்து வந்தேன். பட்டையை உரித்து, கோடரியின் பின்புறத்தால் இரண்டு நாள் அடித்தேன். தாங்கள் அடித்தால் அடுக்கடுக்காக எழுந்து வரும் சிம்பு, எனக்கு ஒரு விரல் நீளம்கூட எழவில்லை. மூன்றாம் நாள் தங்கள் தம்பி சோப்பியல் வந்தார். கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அண்ணி, இது கூடை மரம் இல்ல, பேஸ்பால் மட்டை மரம்! வெள்ளை ஆஷ். நம்ம பழுப்பு ஆஷ் சேத்துலல்ல நிக்கும்? கால் நனையக் கூடாதுன்னு மேட்டுல தேடினீங்களாக்கும்?"

ஆம். கால் நனையக் கூடாதென்றுதான்.

இன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது மேட்லின், "என்னடி டெல்பின், நம்ம பாஸமக்குவாடி குலத்துப் பொம்பளைங்களுக்கு பேஸ்பால் டீம் ஆரம்பிச்சுட்டியாமே?" என்றாள். பாதிரியாரும் சிரித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிம்பை விரலால் தொட்டே அதன் குணம் சொல்பவள் நான். ஆனால் அது மரமாக நிற்கையில் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அதைத் தெரியும்.

உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் அந்தக் கட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன். பின்னிய கூடையையே பிரித்துப் பின்னுகிறேன்.

சோப்பியல் நாளை கூலிக்குப் புளூபெர்ரி பறிக்கப் போகிறார்; மாதக் கடைசிவரை வரமாட்டார். சென்ற இலையுதிர் காலத்தில் ஓடைக்கு அப்பால் சதுப்பில் நீங்கள் ஒரு நல்ல கூடை மரம் பார்த்து வைத்ததாகவும், இடம் தமக்குத் தெரியாதென்றும் சொன்னார். "அண்ணனுக்கு எழுதுங்க. மரத்த மட்டும் கேளுங்க, வேற எதையும் கேக்க மனசில்லேன்னா" என்றார். அவருக்கு வாய் அதிகம்.

இனி தங்கள் கேள்விக்குப் பதில். ஹார்ட்ஃபோர்டுக்கு நான் வர இயலாது. அந்த இரண்டு சன்னல்களில் எதிலிருந்தாவது மரம் தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

மரம் நிற்கும் இடத்தைத் தாளில் வரைந்து அனுப்புமாறு கேட்கவே இக்கடிதத்தைத் தொடங்கினேன். அந்தச் சதுப்பு தாளில் அடங்காது என்பது உங்களுக்கே தெரியும். அழைத்துப்போய்க் காட்டினால், கால் நனைய வருகிறேன்.

மார்ச் மாதம் நான் சொன்னதில் பிற்பகுதி பிழை. திருத்திக்கொள்ளவும்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். வருகிறீர்களா என்பதை உடனே எழுதவும்.

இங்ஙனம்,
டெல்பின்