செதில் இல்லாத மீன்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

மதிப்பிற்குரிய புவனேஸ்வரி டீச்சருக்கு,

மூன்றாம் வகுப்பு மணிமொழியின் அக்கா வெற்றிச்செல்வி வணக்கத்தோடு எழுதுகிறேன்.

நீங்கள் வாராவாரம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிற வெள்ளிக்கிழமைத் தாளில் இந்த வாரம் போட்டிருந்த மீன்களைப் பார்த்தேன். பிள்ளைகளின் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்து, வாலும் கண்ணும் வரையச் சொல்லியிருக்கிறீர்கள். மொத்தம் இருபத்திரண்டு மீன்கள். விரல் ரேகைதான் செதில். என் கண்ணில் முதலில் பட்டது மூன்றாவது வரிசையின் கடைசி மீன். அதற்குச் செதில் இல்லை. கூழாங்கல் மாதிரி ஒரே கறுப்பாக இருந்தது. கீழே பெயரைப் படிப்பதற்கு முன்பே அது எங்கள் மணிமொழியுடையது என்று தெரிந்துவிட்டது.

தாளின் அடியில் ‘வீட்டிலிருந்து’ என்று போட்டு நான்கு கோடு விட்டிருப்பீர்கள். ஜூன் மாதத்திலிருந்து ஒரு வீட்டுக்காரரும் அதில் எழுதவில்லை என்று ஒருமுறை வருத்தப்பட்டிருந்தீர்கள். எனக்கு நான்கு கோடு போதாது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை நேரில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை சத்துணவுக் கூடத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். “யாரும்மா வேணும்?” என்று கேட்டீர்கள். “ஒண்ணுமில்லீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லத்தான் வந்திருந்தேன்.

உங்கள் தாளை எங்கள் தெருவில் எப்படிப் படிக்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சின்னம்மாள் அத்தை வீட்டுக் கொட்டகையில் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்போம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பையோடு ஓடிவந்ததும் “வெத்தி, கையக் கழுவிட்டு வாடி, பேப்பர் வந்துருச்சு” என்று அத்தை சத்தம் போடுவார். கறைக் கையோடு தொட்டால் தாள் பாழாகிவிடும். மற்றவர்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நான் மட்டும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் படிப்பேன். வாரத்தில் எனக்குக் கிடைக்கிற ஓய்வு அந்தப் பத்து நிமிடம்தான்.

யார் கையும் நிற்காது. டக் டக் என்று தட்டிக்கொண்டேதான் கேட்பார்கள். தங்கள் பிள்ளை பெயர் வந்தால் மட்டும் அந்த ஒருத்தரின் சத்தம் நிற்கும். அன்றைக்கு வராத இரண்டு பேரின் முட்டையையும் அத்தை வீட்டுக் கலையரசனே சாப்பிட்டான் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு அத்தை, “ஏண்டி, இத மைக்கு வச்சு சொல்லணுமா அந்த டீச்சரு? வூட்ல நான் சோறு போடலன்னுல்ல ஊரு பேசும்” என்று கத்தினார். பிறகு “எங்க, அந்த எடத்த இன்னொருக்கா படி” என்றார். வீரமணியின் பல் சாம்பாரில் விழுந்து காணாமல் போனதைப் படித்தபோது, “தேடாதீங்க, அதையும் முழுங்கியிருப்பான் எம்புள்ள” என்று அவன் அம்மா சொல்ல, எல்லோருக்கும் சிரிப்பு அடங்கவே நேரமானது. வேப்பமரத்து அணில் குட்டி போட்டதையும், பெருக்கல் வாய்பாட்டைப் பாட்டாகப் பாடியதையும் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாள் வராத வெள்ளிக்கிழமை எங்களுக்கு வெள்ளிக்கிழமையாகவே இருக்காது.

இவ்வளவும் எழுதுவது, நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான்.

பொங்கலுக்கு முந்தின தாளில், “சில பிள்ளைகள் வீட்டில் பேனாவை எடுத்து விளையாடுகிறார்கள் போலிருக்கிறது. விரலெல்லாம் கறை. மூன்றாம் வகுப்புக்குப் பென்சிலே போதும், பேனா கொடுக்காதீர்கள்” என்று எழுதியிருந்தீர்கள். அது பேனா மை இல்லை டீச்சர். யாராவது கேட்டால் பேனா மை என்று சொல் என்று மணிமொழிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். மூன்றாம் வகுப்பில் பென்சில்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் அதையே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்தியை அன்றைக்கு நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணாலேயே தாண்டி அணில் குட்டிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் துறையூர்ப் பக்கத்துக்காரர் என்று மணிமொழி சொல்வாள். அங்கே இந்த வேலை இல்லாமல் இருக்கலாம். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் கறுத்து, வெந்து, தோல் உரியும். உரிந்து உரிந்து விரல்நுனி மொழுமொழுவென்று ஆகிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொள்வோம், தேங்காய் எண்ணெய் தடவுவோம். கையுறையும் போட்டுப் பார்த்தோம். பருப்பு விரலுக்கு அகப்படாமல் உடைகிறது. இப்போது எங்கள் ஊர் மரத்துக் கொட்டை மட்டும் இல்லை, கப்பலில் வருகிற கொட்டையும் உண்டு. அதனால் வருடம் முழுக்க வேலை இருக்கிறது.

இந்த வாரத் தாளில் நீங்கள் எழுதியிருந்ததை மனப்பாடமாகவே சொல்வேன். “மணிமொழியின் மீனுக்குக் கோடு விழவில்லை. விரலைச் சரியாக வைக்கவில்லை என்று நினைத்து மூன்று தடவை வைக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அழுதுவிட்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.” நான் கொட்டகையில் அதை “மணிமொழியின் மீன் அழகாக வந்திருக்கிறது” என்று மாற்றிப் படித்தேன். கொட்டகையை ஒட்டின எங்கள் வீட்டில் அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோஷம்.

அவள் ஏன் அழுதாள் என்று சொல்கிறேன். போன மாதம் ரேஷன் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஷின் என் விரல் ரேகையை எடுக்கவில்லை. கழுவித் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். மூன்று தடவை வைத்தேன். கடைக்காரர் விளையாட்டுக்கு, “இந்தப் பேருல ஆளே இல்லன்னு சொல்லுது பாப்பா மிஷினு” என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ரேகைக்குப் பதிலாகக் கண்ணை மிஷினில் காட்டி அரிசி வாங்கிவிட்டோம். பையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அந்த முதல் பேச்சுதான் மனதில் நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “அக்கா, மூணு தடவ வச்சேன், வரல. ஆளே இல்லன்னு டீச்சர் ரிஜிஸ்டர்ல எழுதிருவாங்களா?”

எழுத மாட்டீர்கள் என்று சொன்னேன். அப்புறமும் அவள் நேற்று முழுக்க விரலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நின்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு அவரால் தரையில் உட்கார முடியாது. அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருக்கிறார். ஒரு மாதத்துக்கு மட்டும் கொட்டையைப் பார்த்துக்கொள், பிறகு போகலாம் என்றார்கள். என் வகுப்பு டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் “நாளைக்கு வர்றேங்க டீச்சர்” என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், அப்படியே போகலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வருடம் ஆகிவிட்டது.

மணிமொழியை வேலைக்கு வைத்தது அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். சும்மா இரு என்றால் கேட்க மாட்டாள். விளையாட்டாகப் பத்துக் கொட்டை கொடுத்தேன். சின்ன விரல், பருப்பு முழுசாக வந்தது. மறுநாள் இருபது கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இடுப்பு வலி. அதற்கடுத்த நாள் நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். சீக்கிரம் முடித்தால் அக்கா விளையாட வருவாள் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

மூட்டை கொண்டுவந்து போடுகிற தர்மராஜ் அண்ணன் கெட்டவர் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜெயங்கொண்டத்துக்கு அவர் வண்டியில்தான் போனோம். அவர் பருப்பை அள்ளிப் பார்த்துவிட்டு, “பாப்பா கை பட்டா முழுசா வருதே, இனிமே பெரிய மூட்டையாவே போடுறேன்” என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெரிய மூட்டை வந்த பிறகு சின்ன மூட்டை வராது டீச்சர். சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் அடுத்தது வேறு வீட்டுக்குப் போய்விடும். கேட்டு வாங்க இரண்டு தெரு காத்திருக்கிறது. நான் ஒருத்தி எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் வியாழக்கிழமை ஆகும்போது கால் மூட்டை மிச்சம் நிற்கும். அதைப் பார்த்தவுடன் அவள் தானாக வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் எழுந்து போ என்று சொல்வதில்லை. வாய் வரை வரும். மூட்டையைப் பார்ப்பேன், சொல்ல மாட்டேன்.

மீன்களை மறுபடி பாருங்கள். செதில் இல்லாத மீன் அவளுடையது மட்டும் இல்லை. மங்கலாக இன்னும் மூன்று இருக்கின்றன. அந்தப் பெயர்களை நான் எழுத மாட்டேன். நான் அந்த வீடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டியவள்.

இதை வெள்ளிக்கிழமைத் தாளில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் நான்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கும். வேறு யாரிடமாவது சொல்லுங்கள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். போன வருடம் பக்கத்து ஊருக்கு அதிகாரிகள் வந்து போனார்கள். ஒரு வாரம் எந்தத் தெருவுக்கும் மூட்டை வரவில்லை. எட்டாவது நாள் வந்தது. பிள்ளைகளை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதனால் சொல்லுங்கள் என்றும் எழுத முடியவில்லை, சொல்லாதீர்கள் என்றும் எழுத முடியவில்லை. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பஸ்ஸுக்காக நான்கே முக்கால் வரை பள்ளியிலேயே இருப்பீர்கள் என்று மணிமொழி சொன்னாள். வியாழனும் வெள்ளியும் மட்டும் அதுவரை அவளை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? பலகை துடைக்கச் சொன்னாலும் செய்வாள். கொட்டையைத் தொடாமல் இருந்தால் ரேகை திரும்ப வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு வருமோ என்னவோ. அவளுக்கு எட்டு வயதுதானே, வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் பையில் துணி சுற்றி ஒரு மரக்கட்டை இருக்கும். கொட்டை தட்டுகிற கட்டை. அதை வாங்கி உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வேறு கட்டை கிடைக்காதா என்று நினைப்பீர்கள். எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் பெரியவர்கள் கட்டை அவள் பிடியில் நிற்காது. இதன் பிடியை அவள் கைக்கு ஏற்றபடி அரிவாள்மனையில் சீவிக் கொடுத்தது நான்தான். வழுக்காமல் இருக்க நூல்கூடச் சுற்றினேன். இன்னொன்று சீவ மாட்டேன். அம்மா கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெரிய மூட்டை வந்து, வியாழக்கிழமை ஆகி, நானே வந்து சத்துணவுக் கூடத்துப் பக்கம் நின்றாலும், என்ன வேணும் என்று கேட்காதீர்கள் டீச்சர். என்னைப் போகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த தடவை மீன் போட்டால் அவளை ஒரே ஒரு தடவை விரல் வைக்கச் சொல்லுங்கள். வந்தவரை போதும் என்று சொல்லிவிடுங்கள். ரிஜிஸ்டரில் அவள் பெயரைக் கூப்பிடும்போது கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

நீங்கள் எங்கள் ஊரிலேயே ரொம்ப வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மணிமொழியின் அக்கா,
ஒன்பதாம் வகுப்பு வரை வருகைப் பதிவில் இருந்த
பூ. வெற்றிச்செல்வி

பின்குறிப்பு: தர்மராஜ் அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்கிறது. கட்டையை என் பழைய தாவணியில் சுற்றி, அவள் பையில் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன்.