கறுப்புச் சுவரில் ஆறு விரிப்புகள்

லாநெவேல், ஏப்ரல் 14

அன்பு மகள் அஸெனோருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. மான்ட்ரியலில் நீயாவது நலமாக இரு.

எல்லாம் அந்தப் பாரிஸ்காரருக்காக நீ மாற்றி வரைந்த பழைய மாளிகையால்தான். நேற்று மதியம் கட்டினவர்கள் சாரத்தைப் பிரித்துவிட்டு, படுக்கைகளை விரித்து வை என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, படுக்கையறை நடுவிலேயே குளியல் தொட்டி, கடலைப் பார்த்துக்கொண்டே குளிப்பார்களாம், நம் ஆட்கள் கடலுக்கு முதுகைக் காட்டித்தானே வீடு கட்டினார்கள். உள்ளே ஒரு சத்தமில்லை, அலைகூட ஊமையாக அடிக்கிறது. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன், என் மகள் செய்தது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தேனடி, எனக்கு உயிரே போய்விட்டது. கடல் பக்கச் சுவர் முழுக்கக் கருக்கிய மரப்பலகை. வருஷா வருஷம் படகுக்காரர்கள் சேர்ந்து சுண்ணாம்பு அடிக்கிற சுவர், கடலிலிருந்து பார்க்கையில் தேவாலயக் கோபுரத்துக்கு நேர் கீழே அந்த வெள்ளை வரும்படி பிடித்துத்தான் இரண்டு பாறைக்கும் நடுவே படகை உள்ளே கொண்டுவருவார்கள், எட்டு வயதில் நீயும் வாளி தூக்கினவள்தானே, எப்படி மறந்தாய்? குளிர்காலம் முழுக்கச் சாரத்தைச் சுற்றி வெள்ளைப் படுதா இருந்தது, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பா காலையிலேயே கடலுக்குப் போயிருந்தார். வழிகாட்டும் கருவி மூன்று வாரமாகப் பழுது, கைப்பேசி வழக்கம்போல் சமையலறை மேசையில். தூறல் மூட்டம், தண்ணீர் வடிகிற நேரம். கீழே இறங்கி வந்து உன் கண்ணாடி வழியாகவே பார்க்கிறேன், நம் படகு பாறைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. எனக்கு என்ன தோன்றியதோ, விரித்த வெள்ளை விரிப்புகள் ஆறையும் உருவிக்கொண்டு மாடிக்கு ஓடிக் கடல் பக்கக் கைப்பிடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த வீட்டு ஃபான்ஷ் கீழேயிருந்து, "என்ன மரிவோன், பாரிஸ்காரர் துணியக் காயப்போட மழைதான் கெடைச்சுதா?" என்று கேலி பண்ணினான். படகைக் காட்டினேன், முகம் செத்துப்போய் மேலே ஓடிவந்து அவனும் கட்டினான். வெள்ளையைக் கண்டு படகு பாறையை விட்டுத் திரும்பியது.

கரையேறிய அப்பா, "இன்னிக்கி என்ன சுவரு ஆடுது, குடிச்சிட்டோமான்னு நெனச்சேன்" என்றார். ஃபான்ஷ் விஷயத்தைச் சொன்னதும் துறையில் எல்லார் முன்பும், "கட்டினவனுங்க மாத்தியிருப்பானுங்க. என் மக அந்தச் சுவரக் கறுப்பாக்குவாளா? அவளுக்குப் பைத்தியமா?" என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் நான் மாளிகைச் சமையலறையில் வரைபடத்தைப் பார்த்திருந்தேன். கடல் பக்கச் சுவர், கறுப்பு என்று ஓரத்தில் எழுதியிருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, கண்ணே.

நீ கெட்டவள் இல்லை, தூரத்தில் உட்கார்ந்து வரைந்துவிட்டாய். ஆனால் எனக்கு ஆறவில்லை. வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடிக்கொள். புனித அன்னம்மாள் உன்னையும் கடலில் இருப்பவர்களையும் காக்கட்டும்.

மறக்காதே, சனிக்கிழமை அந்தப் பாரிஸ்காரர் வருகிறார், அதுவரை விரிப்புகளை நான் அவிழ்க்கப்போவதில்லை. சுவரை வெளுக்கச் சொல்லி நீயே அவரிடம் பேசு. வரைபடத்தை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன், யாரிடமும் காட்டவில்லை. அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். நீ சொல்.

உன் அம்மா,
மரிவோன்