ரோஸ்லி உட்கார்ந்த இடம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று ரப்பர் தோட்டத்து எடைக் கொட்டகையில் புது சூப்பர்வைசர் என் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி கலந்திருக்கு" என்று ரப்பர் பாலை ஒதுக்கி வைத்துவிட்டார். நான் ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை. ஆனாலும் "சரி சார்" என்றேன். சிரித்து வேறு தொலைத்தேன். காலையில் வாளியைச் சரியாகத் துடைத்தேனா என்று இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது.

இருபது வருடத்துக்கு முன்னால், இதே கொட்டகையில், என்னோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ரோஸ்லியிடமும் இதையேதான் சொன்னார்கள். அவள் வாளியை வழியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா பாருங்க சார். அதுவரைக்கும் எழும்ப மாட்டேன்."

எனக்குக் கோபம் அவள்மேல்தான் வந்தது.

"ஏட்டி, எழும்பு. பஸ் போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீயும் இரி மக்கா" என்று அவள் என்னை இழுத்து உட்கார வைத்துவிட்டாள். ஒவ்வொருவராக ஆறு பேர் உட்கார்ந்தோம். கடைசியில் மறுபடி பார்த்துப் பாலை எடுத்துக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே பாடிக்கொண்டே வீடுவரை நடந்தோம். அப்படி ஒரு நடை பிறகு வாய்க்கவே இல்லை.

இன்று எனக்குப் பின்னால் நின்ற லதா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எக்கா, வாங்க, பஸ் போயிரும்."

அவள் இழுத்த பக்கமே போய்விட்டேன்.