நேராகப் பார்க்கும் பயிற்சி

என் மகள் பூனைக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று மிரளாதே, கோபத்தில் எழுதியதில்லை. தடித்த கறுப்புப் பேனா, பக்கத்துக்கு ஒன்பது வரி, இன்றைக்கு மூன்றாவது நாளாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ அப்பாவைத்தான் கூப்பிடுகிறாய், நான் வாங்கினால் 'சாப்பிட்டியாம்மா' என்று ஆளுக்கொரு முறை கேட்டதும் நான் போனை அப்பாவிடம் நீட்டிவிடுகிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று பெயர்தான், நம் கட்டடத்து லிஃப்ட் கொஞ்சம் முனகினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்விடுகிறார். கீழ்வீட்டு டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், அவள் செடிகளெல்லாம் இப்போது நம் பால்கனியில். நான் மருந்துக் கடையை விட்டு நின்று மூன்று வருடம் ஆகிறது. வயதாகிவிட்டது, போதும் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். உண்மை அதில்லை. ஒரு நாள் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக அதே நிறப் பெட்டியில் இருந்த வேறு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன், வாங்கியவர் படித்துப் பார்க்கிறவராக இருந்ததால் திருப்பிக் கொண்டுவந்தார். அன்றைக்கே சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். ஓரங்கள் நன்றாகவே தெரியும், எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் சாம்பல் கறைக்குள் போய்விடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ வந்து பதினோரு நாள் இருந்தாயே, வேலை பார்க்கிற வெளிநாட்டிலேயே நிரந்தரமாக இருந்துவிடப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னாயே, அப்போது நான் உன்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ அப்பாவிடம், 'என் முகத்தக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்' என்று கேட்டது சமையலறையில் என் காதில் விழுந்தது. பூனை, ஜன்னல் பக்கம் திரும்பினால்தான் உன் முகம் என் ஓரக்கண்ணில் வந்து உட்காரும். அந்தப் பதினோரு நாளும் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இளைத்திருந்தாய், முடியைத் தோளோடு வெட்டியிருந்தாய், பேசும்போது அப்பாவைப் போலவே கையை வீசினாய். இவ்வளவுதான் பார்க்கக் கிடைத்தது. அங்கேயே இருக்கப் போவதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி மாறியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, அதை நினைக்காத நாளில்லை. கண்ணைப் பற்றிய உண்மையைச் சொன்னால் நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு இங்கேயே தங்கிவிடுவாய். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

நான்கு மாதத்துக்கு முன் எனக்குக் கண்புரை எடுத்ததாக அப்பா சொன்னது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை சிகிச்சையில் சேர்ந்திருக்கிறேன். ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் விழித்திரைக்கு அடியில் இருக்கிற செல்களை வளர்த்து, பருப்பை விடச் சின்னதாக ஒரு மெல்லிய ஏட்டில் படியவைத்து, கண்ணுக்குள் செருகுகிறார்கள். டாக்டர் படம் போட்டு விளக்க, அப்பா இடையில் புகுந்து, 'மோட்டாரு இருக்கு, கேபிளு இருக்கு, எண்ணெ போடுற ஆளுதான் போய்ட்டான், புது ஆளு வெக்கிறீங்க, அதான?' என்று கேட்டார். அந்த டாக்டர் சிரித்தபடி, ஏற்கனவே எரிந்துபோன கேபிள் திரும்பி வராது, எண்ணெய் இல்லாமல் பட்டினி கிடப்பது மட்டும் பிழைக்கலாம், அதுவும் உறுதியில்லை என்றார். ரொம்ப மோசமான கண்ணில்தான் செய்வார்கள், எனக்கு இடது கண்ணில் செய்தார்கள். புதிய செல்லை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் தொற்று சுலபமாக ஒட்டிக்கொள்ளுமாம், யாராவது தும்மினால் அப்பா வாசலோடு அனுப்பிவிடுகிறார். மாதாமாதம் பரிசோதனை இருப்பதால் நான் உன்னிடம் வர முடியாது, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்து நின்றிருப்பேன்.

போன வாரம் சோதித்ததில் பலகையில் ஏழு எழுத்து கூடுதலாகப் படித்தேன். பெரிதில்லைதான். ஆனால் சோதிக்கிற பெண், 'நடுவுல கொஞ்சம் உயிர் வந்திருக்கும்மா, உங்க கண்ணுதான் பழக்கத்துல ஒதுங்கி ஒதுங்கிப் போகுது' என்று சொல்லி, தினமும் பத்து நிமிடம் எதையாவது நேராகப் பார்த்துப் பழகச் சொன்னாள். அப்பாதான் எதிரில் உட்காருகிறார். 'கல்யாணத்தப்பகூட என்னை இப்படிப் பாக்கல' என்று ஒரே அலட்டல். அவர் மூக்கு வருகிறது, போகிறது. நேற்று மூக்குக் கண்ணாடியின் மேல்விளிம்பு ஒரு கணம் கோடாக நின்றது. உன் போட்டோவை எடுத்து வந்து வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அது நீ பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அந்த முகம் எனக்கு மனப்பாடம். எனக்கு இப்போது இருக்கிற முகம் வேண்டும்.

திரும்பி வந்துவிடு என்று கேட்கவில்லை. உன் வேலை, வீடு எல்லாம் அங்கேதான், அது சரிதான் என்று அன்றைக்கே நினைத்தேன். லீவு கிடைக்கும்போது ஒரு பத்து நாள் வந்து எதிரில் உட்கார். முதலில் நேராகப் பார்ப்பேன், மங்கலாகத்தான் வருவாய். பிறகு வழக்கம்போல முகத்தைத் திருப்புவேன். அப்போது, 'என்னம்மா தெரியுது' என்று கேள். தெரிகிறதைச் சொல்கிறேன், தெரியாததையும் சொல்கிறேன்.

உடம்பும் மனதும் நிறைந்து, நினைத்ததெல்லாம் கைகூடி, நெடுநாள் நன்றாக இரு. இந்த நோய் குடும்பத்தில் தொடரலாமாம், ஒரு கண் டாக்டரிடம் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே.

உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா